எட்வின் சார் வைத்த சிவப்புப் புள்ளி

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை. தல்லாகுளத்தில் ஓய்வூதியக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஆண்டுக்கொரு முறை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வேலை அது. என் முறை வர இன்னும் நான்கு பேர் இருக்கும்போது போன் அதிர்ந்தது. எட்வின் சாரின் மனைவி ஜெயராணி அக்காவின் செய்தி: "சார் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்கம் நாளை மாலை." வரிசை ஒரு நாற்காலி நகர்ந்தது. நானும் நகர்ந்து உட்கார்ந்தேன். கையெழுத்தும் போட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் நம் கல்லூரியின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவில் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. எளிமையானவர், மாணவர்களின் நண்பர், கோபமே வராதவர். கோபமே வராதவர் என்று எழுதியது யாரென்று பார்த்தேன். எட்வின் சார் மேசையைத் தட்டிக் கத்திய அன்று பக்கத்து நாற்காலியில் இருந்தவர்தான். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் நல்லதையே எழுதித் தீர்த்துவிட்டீர்கள், எனக்கு எழுத மிச்சமிருப்பது இதுதான். யாராவது சங்கடப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எட்வின் தங்கராஜ், மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் ஆசிரியர். மிஷன் பள்ளி வாத்தியார் குடும்பம், திருநகரில் வீடு. இருபத்திரண்டு ஆண்டுகள் அவரும் நானும் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம். 'சமூகப் பிறழ்வு' என்ற தாளை அவர் நடத்துவார். மனிதர்கள் ஏன் விதியை மீறுகிறார்கள் என்பதுதான் அதில் உள்ள ஒரே கேள்வி. பதில்கள்தான் பல.

அந்தப் பதில்களை வைத்து நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுவோம். என் கட்சி எளிமையானது. வீடு, நகை, வண்டி என்று எல்லோரையும் ஒன்றுக்கே ஆசைப்பட வைக்கிறோம். போய்ச் சேரும் பாதையை மட்டும் சிலருக்கு அடைத்துவிடுகிறோம். பாதை அடைபட்டவன் சந்து வழியாகப் போகிறான். சமையலைப் போலத் தப்பையும் கூட இருப்பவர்களிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது இன்னொரு கட்சி, அதிலும் எனக்குப் பாதி நம்பிக்கை உண்டு. எட்வின் சாருக்கு இரண்டும் பிடிக்காது. எல்லோரும்தான் எதையாவது மீறுகிறார்கள், அவர்களில் ஒருவனைப் பிடித்து 'நீ இன்னான்' என்று முத்திரை குத்துகிறோம், அவன் மெல்ல மெல்ல அந்த முத்திரையாகவே ஆகிறான் என்பார். நான் பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "மழை இல்லாத வருசம் எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்க சார், முத்திரை இல்லாமலே ஆளு எப்படி மாறுவான்னு தெரியும்" என்பேன். "மழை இல்லாதது ஊருக்கே மேடம். ஒருத்தன் வீட்டுக்கு மட்டும் ஏன் போலீஸ் போகுது?" என்பார், டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு முறை தன் வகுப்பு முழுவதையும் பஸ்ஸில் ஏற்றிக் கோர்ட் வாசலுக்குக் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்களில் யார் குற்றம் சாட்டப்பட்டவர், யார் சாட்சி, யார் வக்கீல் குமாஸ்தா என்று முகத்தைப் பார்த்து எழுதச் சொன்னார். கட்டை மீசையும் சிவந்த கண்ணுமாய் நின்ற ஒருவரைக் கிட்டத்தட்ட எல்லோருமே குற்றவாளி என்று எழுதியிருந்தார்கள். நானும் மனதுக்குள் அவரைத்தான் எழுதியிருந்தேன். அவர் நகையைப் பறிகொடுத்துப் புகார் கொடுத்தவர், இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம். "தப்புப் பண்ணினவனைத் தேடாதீங்க, அவனைத் தப்புன்னு முதல்ல சொன்னது யாருன்னு தேடுங்க" என்று அன்று பிள்ளைகளிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்ததாகக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஏன் என்று சொல்வதற்கு முன் நம் கல்லூரியின் ஒரு வழக்கத்தை வெளியாருக்குச் சொல்லியாக வேண்டும். எந்தச் சுற்றறிக்கையிலும் அது கிடையாது. யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது. வகுப்புப் பொறுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயருக்கு முன் சிவப்பு மையில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தால், 'இந்த ஆள்மேல் ஒரு கண் இருக்கட்டும்' என்று அர்த்தம். காரணம் எழுதுவதில்லை. காரணம் கேட்பதும் மரியாதை இல்லை. புள்ளியைப் பார்ப்போம், மனதில் வாங்கிக்கொள்வோம், பெயரைக் கூப்பிடுவோம். மாணவர்களுக்கு இது தெரியாது.

அந்த ஆண்டு கல்லூரி திறந்த வாரம். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரே எட்வின் சார் புதிய பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். "மேடம், ஐம்பதுக்குள்ள மூணு நம்பர் சொல்லுங்க" என்றார். கருத்தரங்குக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார் என்று நினைத்தேன். தலையைத் தூக்காமல், "ஏழு, பத்தொன்பது, முப்பத்தொண்ணு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மாற்றினார்.

அவ்வளவுதான். அவர் திட்டம் இதுதான்: மூன்று பேருக்குக் காரணமே இல்லாமல் புள்ளி வைப்பது, பருவம் முடிந்ததும் அவர்களுடைய மதிப்பெண்ணையும் அவர்கள்மீது வந்த புகார்களையும் எடுத்துக் காட்டி, 'பாருங்கள், முத்திரை எப்படி வேலை செய்கிறது' என்று வகுப்பிலும் துறையிலும் நிரூபிப்பது. பாடத்தை இவ்வளவு நம்பிய ஒருவருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். தன் கோட்பாடு உண்மையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

ஏழாம் எண் தல்லாகுளத்துப் பெண். அவள் அப்பா அரசு அலுவலகத்தில் இருந்தார். அவளை யாரோ அதட்டிய மறுநாளே வந்து முதல்வரைப் பார்த்துவிட்டுப் போனார், அதோடு அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை. முப்பத்தொன்று பாதியில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். பத்தொன்பதுதான் மாரிச்சாமி. பேரையூர் தாண்டி ஒரு கிராமம். இரண்டு வருடம் நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவன், வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவன். அவன் ஊருக்குப் பஸ் ஐந்தரைக்குத்தான். அதுவரை துறை வராந்தாவில் உட்கார்ந்து எதையாவது படிப்பான். முந்தைய ஆண்டு அதைப் பார்த்துப் 'படிக்கிற பையன்' என்றோம். புள்ளி வந்த பிறகு, "எல்லாரும் போன பெறகு இவனுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டது நம்மில் ஒருவர்தான். ஆமாம் என்று தலையாட்டியது நான். அவனுடைய கட்டுரைக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தும் போட்டேன். எங்கேயோ பார்த்து எழுதியிருப்பான் என்று தோன்றியது. எங்கே என்று தேடவில்லை.

புரட்டாசியில் எட்வின் சார் மூன்று வாரப் பயிற்சிக்காக வெளியூர் போனார். அவர் போன நான்காம் நாள் துறையின் லேப்டாப்பைக் காணவில்லை. விசாரணைக் குழுவில் துணை முதல்வர், அலுவலகக் கண்காணிப்பாளர், நான். மாரிச்சாமி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண்காணிப்பாளர் பதிவேட்டைத் திறந்து அவன் பக்கமாகத் திருப்பினார்.

"ஒம் பேருக்கு எதுக்குப்பா புள்ளி வச்சிருக்கு?"

"என்ன புள்ளி சார்?"

"தெரியாத மாதிரிக் கேக்காத."

"நெசமாத் தெரியாது சார். இப்பத்தான் பாக்குறேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். நான் அவன் ஊர்ப் பக்கத்துக்காரி என்பது அவனுக்குத் தெரியும். "மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க. அது என்ன புள்ளி?"

"அது ஆபீஸ் விசயம்" என்றேன்.

அவன் அதன்பிறகு எந்தக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லாததையும் குறித்துக்கொண்டோம். புகார்க் கடிதத்தில் மூன்று கையெழுத்துகள், மூன்றாவது என்னுடையது. போலீஸ் அவனை இரண்டு நாள் வைத்திருந்தது. மூன்றாம் நாள் விட்டார்கள். பத்தாம் நாள் லேப்டாப் கிடைத்தது. ரிப்பேருக்காகக் கடையில் கொடுத்த ரசீது வேறொரு கோப்புக்குள் போய்விட்டிருந்தது.

எட்வின் சார் திரும்பி வந்து நடந்ததைக் கேட்ட நாள்தான் அவர் மேசையைத் தட்டிக் கத்திய நாள். "புள்ளிக்குக் காரணமே இல்லய்யா" என்று கத்தினார். நேரே முதல்வர் அறைக்குப் போனார், பின்னாலேயே நானும் போனேன். எல்லாவற்றையும் சொன்னார். முதல்வர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "உங்களுக்கு நல்ல மனசு சார், அவனைக் காப்பாத்தப் பாக்குறீங்க. லேப்டாப்பை அவன் எடுக்கல, சரி. ஆனா புள்ளி சும்மா விழுமா? வேற எதாச்சும் இருக்கும்" என்றார். வெளியே வந்ததும் எட்வின் சார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னார், அந்த மூன்று எண்ணும் நான் சொன்னவை என்று.

மறு ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் என்னோடு பேரையூர் பஸ்ஸில் ஏறினார். மாரிச்சாமி வீட்டில் கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள். அவன் கட்டிலில் எங்களை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினான். வலது கையில் ஒரு நகம் கறுத்திருந்தது. கல்லூரியிலிருந்து திரும்ப வரச் சொல்லிக் கடிதம் வந்ததாகவும், தான் வரப்போவதில்லை என்றும் சொன்னான்.

"ஸ்டேசன்ல என்னைப் போட்டோ எடுத்துட்டாக சார். இப்ப இங்கிட்டு எது தொலைஞ்சாலும் மொத ஆளா எங்க வீட்டுக்குத்தான் வாராக. போன வாரம் பக்கத்து ஊர்ல மோட்டார் காணலன்னு வந்தாக. எங்காத்தா அம்புட்டுப் பேருக்கும் முன்னால அழுதுச்சு."

எட்வின் சார் எதையும் மறைக்கவில்லை. தான் செய்த சோதனையை, பாடம் நடத்துவதுபோல அல்லாமல், குனிந்த தலையோடு சொன்னார். மாரிச்சாமி பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப நான் ஒண்ணுமே பண்ணல?"

"ஒண்ணுமே பண்ணலப்பா."

"அதுக்கு ஏன் சார் பத்தொன்பது? இருபதுன்னு வச்சிருக்கலாம்ல?"

நான் எட்வின் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "என் வாயில வந்துச்சுப்பா" என்றார். நான் கையிலிருந்த கலர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேறெதற்கெல்லாமோ திறக்கும் வாய்.

அதன்பிறகு நடந்தவை மெதுவாகத்தான் நடந்தன. மில்லில் திரும்பச் சேர்க்கவில்லை, போலீஸ் விசாரித்துவிட்டுப் போன ஆள் என்றார்கள். அவனைக் கேள்வி கேட்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டது மணல் லாரிக்காரர்கள் மட்டும்தான். அவர்களோடு இருந்து ஓட்டவும் கற்றான், மிரட்டவும் கற்றான். முதல் வழக்கு ஒரு அடிதடி, அது நிஜம். இரண்டாவதும் நிஜம். மூன்றாவதில் ஒருவர் கண்ணை இழந்தார். நான் சொன்ன அடைபட்ட பாதையும் சரி, கூட இருந்து கற்பதும் சரி, எட்வின் சாரின் முத்திரையும் சரி. எல்லாக் கட்சியும் ஜெயித்தது. வகுப்பில் உதாரணம் கேட்டால் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்திருந்தான், ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த ஆண்டே எட்வின் சார் அந்தத் தாள் தனக்கு வேண்டாம் என்றார். நான் எடுத்துக்கொண்டேன். சிவப்புப் புள்ளியை நிறுத்தச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்து, முதல்வர் ஒரு சுற்றறிக்கையும் விட்டார். நாம் பென்சிலுக்கு மாறினோம், ஞாபகம் இருக்கிறதா? பென்சிலில் வைத்தால் புள்ளி இல்லையாம். அதைப் பார்த்த அன்று அவர் என்னிடம், "கையைக் கட்டிப் போட்டாலும் கண்ணால வைப்போம் மேடம்" என்றார்.

காலையில் செய்தித்தாளை அவர் உள்ளூர்ப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். கொலை, வழிப்பறி என்றால் பெயர் வரும்வரை விரலை வைத்துப் படிப்பார், அந்தப் பெயர் இல்லை என்றால்தான் டீயை எடுப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான் என்று ஜெயராணி அக்கா சொன்னார்கள். மாரிச்சாமிக்கு வாய்தா இருக்கும் நாட்களில் திருநகரிலிருந்து பஸ் ஏறிக் கோர்ட்டுக்கு வந்துவிடுவார். அதே வேப்பமரத்தடியில் நிற்பார். பேசுவதற்கு அதிகம் இருக்காது. "சாப்பிட்டியா?" "சாப்ட்டேன் சார்." "ஆத்தா எப்படி இருக்கு?" "இருக்கு சார்." ஒரு நாள் நானும் போயிருந்தேன். எங்களைக் கடந்து போன ஒரு போலீஸ்காரர் எட்வின் சாரைக் காட்டி மாரிச்சாமியிடம், "இவரு ஒன் கூட்டாளியா?" என்று கேட்டார். எட்வின் சார் முந்திக்கொண்டு, "ஆமா சார்" என்றார். மாரிச்சாமி சிரித்தது நான் பார்க்க அந்த ஒரு முறைதான்.

போன வருடம் அவர் படுக்கையில் விழுந்தபின் பார்க்கப் போனேன். அறையில் நாங்கள் இருவரும்தான். "அந்த நம்பரை நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லிடுறேன் சார்" என்றேன். "சொன்னா உங்களுக்கு லேசாகும் மேடம். அவனுக்கு என்ன ஆகும்? ஒருத்தன் மேல இருக்கிற கோவத்தை ரெண்டாப் பிரிக்கணும். அவனுக்கு ஏற்கெனவே வேலை நெறைய" என்றார். பிறகு, "புள்ளி வச்சது நான். என்னோட போகட்டும்" என்றார். என்னைக் காப்பாற்றினாரா, அவனைக் காப்பாற்றினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் சொல்லவில்லை. ஆனால் அவர் போன அன்றே முடிவு செய்துவிட்டேன்: இனி என்னை மறைக்க ஆள் இல்லை, அடக்கத்துக்கு அவன் வந்தால் சொல்லியே தீருவது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் அந்த வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மாரிச்சாமி, அந்த நம்பரைச் சொன்னது நான்தான்.

அவன் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கன்னத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. வயது முப்பத்தைந்துகூட இருக்காது, ஐம்பது மாதிரி இருந்தான். கூட்டத்திலிருந்து தள்ளி மதில் ஓரமாக நின்றான். நீங்களும் பார்த்தீர்கள். "இவன் எதுக்கு வந்தான்?" என்று உங்களில் ஒருவர் என் காதருகே கேட்டார், இன்னொருவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஜெபம் முடிந்து எல்லோரும் மண் போட்ட பிறகு கடைசியாக அவன் வந்து ஒரு கைப்பிடி போட்டான். கையைத் தட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தான். மிகப் பக்கத்தில் நின்றான்.

"நல்லாருக்கீகளா மேடம்? சார் கடைசி நேரம் கஷ்டப்பட்டாகளா?"

"இல்லப்பா, தூக்கத்துலயே" என்றேன். "மாரிச்சாமி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மேடம்."

வாயைத் திறந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்வை கீழே இறங்கியிருந்தது. நானும் குனிந்து பார்த்தேன். அவன் நின்ற பக்கத்துத் தோளில் தொங்கிய என் கைப்பை இப்போது மறுபக்கத்துத் தோளில் இருந்தது. ஜிப்பின்மேல் என் கை அழுத்தமாக இருந்தது. எப்போது மாற்றினேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"பரவால்ல மேடம், பழகிருச்சு" என்றான். குரலில் கோபம் இல்லை. "பெறகு பாப்போம். நான் வாரேன்." கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

எட்வின் சார் எனக்கு விட்டுப் போனது புத்தகமோ பொன்மொழியோ இல்லை. அந்தப் புள்ளிக்கு ஒரு காரணமும் கிடையாது என்ற உண்மை, அவ்வளவுதான். மாரிச்சாமியை விட்டால், அதைத் துளி சந்தேகமில்லாமல் அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவரை அன்று மண்ணுக்குள் இறக்கிவிட்டோம். மற்றவளின் கை பையின்மேல் இருந்தது.